எதை எண்ணுவது? மும்பைத் தமிழ்க் குழந்தைகளும் துரித உணவின் வரலாறும்

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் கள ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தபோது, ஒரு தாய் தம் மகளின் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையை என்னிடம் நீட்டினார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்த அத்தாளில், பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறைக்கு மேல் துரித உணவு வாங்கித் தரலாகாது என்று இருந்தது. தமிழில் விளக்கிச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, நாங்க தெனமும் காலைல வாங்குத இட்லியும் இதுல சேருமா?”

அவருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அந்த ‘வாங்குத’ என்னும் பெயரெச்சத்தை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், கேள்வியை எழுதிக்கொள்ளவில்லை. அறைக்குத் திரும்பிய பின்னர்தான் கேள்வியே பெரிது என்பது விளங்கியது. குழந்தைக்கு எத்தனை முறை துரித உணவு தரலாம் என்று கேட்பதற்கு முன், எதை ஒருமுறை என்று எண்ணுவது என்பது தெளிவாக வேண்டும். அதை நம் மொழியும் மும்பையின் வரலாறும் ஓரளவு தெளிவுபடுத்துகின்றன என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழில் உண்ணுதலும் தின்னுதலும் ஒன்றல்ல. சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம். உண்டி, சிற்றுண்டி ஆகியவை வேளையைச் சேர்ந்தவை. தின்பண்டம், நொறுக்குத்தீனி ஆகியவை வேளைக்குப் புறம்பானவை. ‘டிபன்’ என்பது ஆங்கிலோ-இந்தியர் வழக்கில் பகலில் உண்ணும் இலகுவான உணவைக் குறித்த சொல்; தமிழில் அது காலைக்கும் மாலைக்கும் இடம்பெயர்ந்தது. ‘பலகாரம்’ இவற்றுள் சுவையானது. வடமொழியின் ‘பல ஆகாரம்’, அதாவது கனி உணவு, விரத நாளில் சோற்றுக்கு மாற்றாக உண்பதைக் குறித்தது. மாட்டுங்காவின் பழைய அந்தணக் குடும்பங்களில் அமாவாசை இரவில் ‘பலகாரம் பண்ணுவது’ என்றால் இன்றும் இட்லியோ தோசையோ உப்புமாவோ சாப்பிடுவதுதான். பொது வழக்கில் அதே சொல் எண்ணெயில் பொரித்த பண்டத்துக்கும் தீபாவளி இனிப்புக்கும் உரியதாகிவிட்டது.

இச்சொற்களுக்கு ஒரு பொதுப்பண்பு உண்டு. உணவு எந்த வேளைக்குரியது, வயிற்றை நிரப்புவதா, வாய்க்கு ருசியாகக் கொறிப்பதா என்பதை அவை குறிக்கின்றன. ‘துரித உணவு’ அப்படிப்பட்டதன்று. ஆங்கிலச் சொல்லின் நேர்மொழிபெயர்ப்பாகிய அது விரைவை மட்டுமே சொல்கிறது. எது விரைவு? சமைப்பதா, வாங்குவதா, தின்பதா? சுற்றறிக்கை இதைச் சொல்லவில்லை. அந்தத் தாயின் குழப்பம் அறியாமையில் பிறந்ததன்று. சொல்லிலேயே இருந்த குறை அது.

இனி மும்பைக்கு வருவோம். இந்நகரத்தில் வெளியில் வாங்கி உண்பது உழைப்பின் கடிகாரத்தோடு பிறந்த பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பருத்தி ஆலைகளுக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள். ஒரே அறையில் பலர் முறைவைத்து உறங்கினர். சமைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவர்களுக்குச் சோறிட்டவை பெண்கள் தம் வீடுகளில் நடத்திய ‘கானாவள்’ எனப்படும் உணவு இல்லங்கள். அப்பெண்களை ஒன்றிணைத்து 1975இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலத்தைத் தொடங்கினார். போர்ச்சுக்கீசியரின் ‘பாவ்’ ரொட்டி இந்நகரில் வேரூன்றியதற்கும் இதே தேவை துணைநின்றது: அடுப்பு வேண்டாம், தட்டு வேண்டாம், நின்றபடியே உண்ணலாம்.

மாட்டுங்காவின் கதை சற்று வேறு. 1896இன் பிளேக் நோய்க்குப் பின் 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு வகுத்தது. இரயில்வேயிலும் வங்கியிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் பணியேற்ற தென்னிந்தியர் அங்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1937இல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் ஆகியவை வந்தன. தனியே வாழ்ந்த இளைஞனுக்கு இவையே சமையலறை. பின்னர் செம்பூரிலும் தென்னிந்தியக் குடும்பங்கள் பெருகின. செட்டா நகர் முருகன் கோயிலுக்குச் சென்று வந்தவர்கள் அருகிலேயே தோசை தின்று திரும்பும் வழக்கமும் வளர்ந்தது.

மாட்டுங்காவை அடுத்த தாராவிக்குத் தமிழர் வந்த பாதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் வந்தனர். மாட்டுங்காவில் அமர்ந்து உண்ண மேசை இருந்தது. தாராவியில் சமைத்து ஊருக்கு அனுப்பும் கைகள் இருந்தன. இன்றும் விடியுமுன் அங்குள்ள சிறு அறைகளில் இட்லி வெந்து, அண்டாக்களில் ஏறி, மிதிவண்டிகளில் நகரெங்கும் போகிறது. ஹாரன் ஒலி கேட்டதும் மும்பைக்காரர் ‘இட்லிவாலா அண்ணா’ வந்துவிட்டார் என்று அறிவர்.

இந்த இட்லி துரித உணவா? வாங்குவது நொடியில் முடிகிறது. ஆனால் அரிசியும் உளுந்தும் ஊறி, அரைபட்டு, இரவெல்லாம் புளித்து, பிறகுதான் ஆவியில் வேகின்றன. தாமதமாக ஆகும் உணவை விரைவாக விற்கும் ஏற்பாடு இது. பத்தடிக்குப் பத்தடி அறையில், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருந்து வேலைக்கு ஓடும் பெண்ணின் அடுப்படி வேலையை இன்னொரு வீட்டின் அடுப்படி ஏற்றுக்கொள்கிறது. வீட்டு உணவுக்கும் வெளி உணவுக்கும் நடுவே நாம் போடும் கோடு அங்கே அழிந்துபோகிறது.

வெளியுணவு அரசியலாகவும் ஆயிற்று. தாதர் இரயில் நிலையத்துக்கு வெளியே 1966இல் அசோக் வைத்யா வடாபாவ் விற்கத் தொடங்கினார் என்பது பரவலாக ஏற்கப்படும் செய்தி. அதே ஆண்டு ஜூனில் சிவசேனை தோன்றியது. அடுத்த ஆண்டுகளில் தென்னிந்தியருக்கு எதிரான இயக்கத்தில் உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. வடாபாவ் மராத்தியரின் உணவாகவும் இட்லி அயலாரின் உணவாகவும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன் பின் வேலையிழந்த பலருக்குத் தெருவோர வடாபாவ்க் கடையே பிழைப்பானது.

இதுவரை சொன்ன வரலாற்றில் குழந்தை எங்கே? ஏறத்தாழ எங்கும் இல்லை. கானாவளும் உடுப்பி உணவகமும் வடாபாவ் வண்டியும் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காகத் தோன்றியவை. குழந்தைக்கு அவை எப்போதாவது கிடைத்தன: சம்பள நாளில், கோயிலுக்குப் போன மாலையில், அம்மாவுக்கு உடல்நலமில்லாத காலையில். எத்தனை முறை என்ற கேள்வி அன்று எழவில்லை. பெரியவரின் கையிலிருந்த காசும் உடன் போகும் சந்தர்ப்பமுமே வரம்பு விதித்தன.

அந்த வரம்பு பொட்டலத்தின் வரவால் உடைந்தது. இதிலும் மும்பைக்குப் பங்குண்டு. வீலே பார்லேயில் 1929இல் மிட்டாய்த் தொழிற்சாலையாகத் தொடங்கிய பார்லே நிறுவனம் சுமார் பத்தாண்டுகளில் பிஸ்கட்டுக்கு வந்தது. நாட்டின் மிகப் பழகிய குளுக்கோஸ் பிஸ்கட் அந்தப் புறநகரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆலை வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தையொட்டி, 1983இல், இரண்டு நிமிட நூடுல்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ 1958இல் உருவாக்கிய உடனடி நூடுல்ஸின் வழிவந்த பண்டம் அது. இங்கே அதன் விளம்பரம் பள்ளியிலிருந்து பசியோடு திரும்பும் குழந்தையையும் அதன் தாயையும் நேராக நோக்கிப் பேசியது. 1991க்குப் பின் பன்னாட்டுச் சிப்ஸ்களும் குளிர்பானங்களும் வந்தன. 1996இல் பாந்திராவில் மெக்டொனால்ட்ஸ் திறந்தது. 1999இல் குர்குரே அறிமுகமானது.

நடுத்தர வகுப்பாருக்குத் துரித உணவு என்றவுடன் பாந்திராவின் பர்கர் நினைவுக்கு வருகிறது. கேரள அரசு 2016இல் விதித்த 14.5 சதவீதக் ‘கொழுப்பு வரி’யும் பெயர்பெற்ற உணவகங்களின் பர்கரையும் பீட்சாவையும்தான் குறிவைத்தது. தாராவிச் சிறுமிக்கு அவை எட்டாதவை. அவளுக்கு எட்டுவது சந்து முனைக் கடையில் சரஞ்சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலம். அதை வாங்கப் பெரியவர் உடன்வர வேண்டியதில்லை. கையில் ஒரு நாணயம் இருந்தால் போதும், குழந்தையே வாடிக்கையாளர். குழந்தையின் உணவு வரலாற்றில் நிகழ்ந்த பெரிய மாற்றம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

அரசும் நீதிமன்றமும் இதை எப்படி எதிர்கொண்டன? மூன்று நிகழ்வுகளைச் சொல்லலாம். முதலாவது, 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. 2007-08இல் அந்தச் சூடான உணவுக்கு மாற்றாகப் பிஸ்கட் பொட்டலம் தரலாம் என்று உற்பத்தியாளர் தரப்பு வலியுறுத்தியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலரும் அதை ஆதரித்துக் கடிதம் எழுதினர். பொருளியலாளர்களும் மாநிலங்கள் பலவும் எதிர்த்ததால் அது நடக்கவில்லை.

இரண்டாவது, 2015 ஜூன் 5இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் மேகி நூடுல்ஸுக்குத் தடை விதித்தது. ஈயம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. இயற்கை நீதி பின்பற்றப்படவில்லை என்று கூறிப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 13இல் தடையை நீக்கி, அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் சோதிக்கச் சொன்னது. சோதனையில் தேறி, நவம்பரில் நூடுல்ஸ் மீண்டும் கடைக்கு வந்தது. நாடே பேசிய அந்த ஐந்து மாத விவாதம் ‘இதில் நஞ்சு உண்டா’ என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது. நஞ்சே இல்லாவிட்டாலும் மைதாவும் எண்ணெயும் உப்பும் சேர்ந்த இதைக் குழந்தை வாரத்துக்கு எத்தனை முறை உண்கிறது, எந்த உணவை விட்டுவிட்டு உண்கிறது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. நஞ்சில்லை என்ற தீர்ப்பு, நல்லது என்ற சான்றிதழாகவே பலருக்குப் பட்டது.

மூன்றாவது, 2017 மே மாதம் மகாராஷ்டிர அரசு பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளில் சிப்ஸ், நூடுல்ஸ், குளிர்பானம், பீட்சா, பர்கர் முதலியவற்றை விலக்கியது. மாற்றாக விற்கத்தக்கவை என்று அது தந்த பட்டியலில் கிச்சடி, மோர் ஆகியவற்றோடு இட்லியும் வடை சாம்பாரும் பாயசமும் இடம்பெற்றன. அரை நூற்றாண்டுக்கு முன் இதே நகரத் தெருவில் அயலாரின் உணவென்று கல்லெறி வாங்கிய இட்லி, மராத்தி மாநிலத்தின் அரசாணையில் குழந்தைக்கேற்ற உணவாக எழுதப்பட்டது! சுற்றறிக்கையை நீட்டிய தாயின் கேள்விக்கு அரசே முன்னதாக விடையளித்திருக்கிறது.

2020 செப்டம்பரில் வெளியான மத்திய ஒழுங்குமுறைகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்றன. நோக்கம் சரியே. ஆனால் தாராவியில் 50 மீட்டர் என்பது எத்தனை வீடுகள், எத்தனை கடைகள், எத்தனை குடும்பங்களின் பிழைப்பு என்பதை அங்கு ஒருநாள் நடந்தவர் அறிவர். பள்ளி வாயிலைக் காத்தாலும் குழந்தை வீடு திரும்பும் வழியெல்லாம் பொட்டலம் தொங்குகிறது.

உலக ஆய்வுகளும் இவ்விடத்தில் உதவுகின்றன. பிரேசிலின் சாவோ பாவுலோவில் கார்லோஸ் மொன்டேரோவும் அவர் குழுவினரும் 2009 முதல், உணவை அதன் சத்தை மட்டும் கொண்டு பார்க்காமல், அது எவ்வளவு தொழிற்சாலைப் பதனத்துக்கு உட்பட்டது என்பதைக் கொண்டும் வகைப்படுத்தத் தொடங்கினர். வீட்டு அடுப்படியில் இல்லாத பொருள்களைச் சேர்த்து ஆலையில் உருவாக்கப்படுபவை ‘மிகைப்பதன உணவு’ ஆயின. அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பெரியவர்களுக்கு இரு வாரம் மிகைப்பதன உணவும் இரு வாரம் அவ்வாறு பதனப்படாத உணவும் விரும்பிய அளவு தரப்பட்டன. பரிமாறப்பட்ட இரு உணவுகளிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை ஒத்தவாறு அமைக்கப்பட்டிருந்தன. ஆயினும் மிகைப்பதன உணவு உண்ட வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர், விரைவாகவும் உண்டனர். சிறிய ஆய்வு, அதுவும் பெரியவர்களிடம் நடந்தது. எனினும் நம் சொற்சிக்கலை அது அவிழ்க்கிறது. இங்கே துரிதம் தின்பதில் இருக்கிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற நம் பழமொழி அஞ்சிய விரைவும் அதுவே.

இதன் விளைவு கொழுத்த பிள்ளைகள் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கின்றனர், 3.4 சதவீதத்தினர் அதிக எடையோடு இருக்கின்றனர். 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, பள்ளி வயதினரில் சுமார் பத்தில் ஒருவருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை இருப்பதைக் காட்டியது. குறைவும் மிகுதியும் ஒரே நாட்டில், சில வேளை ஒரே சந்தில் வாழ்கின்றன. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் இரண்டுக்கும் துணைபோகிறது: ஒரு குழந்தைக்கு அது உணவின்மேல் கூடுதல், இன்னொரு குழந்தைக்கு அதுவே மாலைப் பசிக்கான உணவு.

ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். இவ்வாறு பேசுவது மரபுணவைப் புனிதமாக்கும் ஏமாற்று ஆகாதா? ஆகக்கூடும். வடாபாவ் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கை மைதா ரொட்டிக்குள் வைத்தது. பலமுறை காய்ந்த எண்ணெய் மராத்தி எண்ணெய் என்பதால் நல்லதாகிவிடாது. நம் வீட்டு முறுக்கும் அப்படியே. தெருவில் விற்கும் சட்னிக்கு எந்தத் தண்ணீர் சேர்ந்தது என்ற ஐயமும் நியாயமானதே. நான் வேறுபடுத்துவது பழமையையும் புதுமையையும் அன்று. இட்லி ஒரு வேளையின் உணவு. வயிறு நிறைந்தால் கை தானே நிற்கும். வடாபாவ் ஒரு தின்பண்டம். வாங்கப் போக வேண்டும், ஒன்றோ இரண்டோடு முடியும். பொட்டலம் வேளையும் அறியாது, நிறைவும் தராது.

ஆகவே எத்தனை முறை? மருத்துவராகச் சொல்லவில்லை, மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான் வந்தடையும் கருத்தாகச் சொல்கிறேன். காலையில் வாங்கும் இட்லியை எண்ணவே வேண்டாம்; அது சோறு. அதன் தூய்மையைப் பார்த்தால் போதும். வடாபாவையும் பஜ்ஜியையும் பழைய வழக்கப்படி நாளுக்கும் நிகழ்ச்சிக்கும் உரியதாக, வாரத்தில் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ண வேண்டியது பொட்டலத்தை. அது நாள்தோறும் என்றிருப்பதை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு வேளையின் உணவுக்கு மாற்றாக ஒருபோதும் ஆகக் கூடாது. இரண்டாவது விதி முதல் விதியைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

ஆனால் விதி சொல்வது எளிது. மாலை நான்கு மணிக்குப் பிள்ளை பசியோடு வரும்போது வீட்டில் யாரும் இல்லையென்றால் எந்த விதியும் நிற்காது. தாயின் நேரத்தைக் கணக்கில் கொள்ளாத சுற்றறிக்கை, தாயைக் குற்றவாளியாக்குவதோடு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இதற்கு வேறொரு விடை காட்டுகிறது. எதை உண்ணாதே என்று சொல்வதற்கு முன், உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைத்துத் தட்டில் வைத்தது. அடுத்த ஆண்டு அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. தாராவியில் விடியுமுன் ஊருக்கே இட்லி அவிக்கும் கைகள் இருக்கின்றன. அவற்றையும் பள்ளிகளையும் இணைக்க ஒரு நகராட்சி நினைத்தால், மாலையில் பிள்ளைகளின் கையில் இருப்பது வேறாகும்.

அடுத்த முறை அச்சந்துக்குச் சென்றபோது அந்தத் தாயிடம் இட்லி சேராது என்று சொன்னேன். அவர் சிரித்தார். மகளின் கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டி, “அப்ப இதத்தான் எண்ணணும், இல்லியா தம்பி?” என்றார். நான் பல நாள் படித்து வந்தடைந்த இடத்துக்கு அவர் ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டார்.